பரவாயில்லம்மா, போட்டுக்கோ

பதினோரு வருடம் அவருக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தவள் நான். உடனே புருவத்தைத் தூக்க வேண்டாம். தொம்மலூரில் ஒரு கம்பெனியின் டிராவல் டெஸ்க்கில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் சோதிக்கிற மெஷின் விற்று, பழுதும் பார்க்கிற கம்பெனி. மெஷின் எந்த ஊரில் படுத்துக்கொண்டாலும் அந்த ஊருக்கு ஒரு சர்வீஸ் இன்ஜினியர் ஓட வேண்டும். அவருக்கு ரயிலில் ஒரு பர்த், பஸ்ஸில் ஒரு சீட்டு, லாட்ஜில் ஒரு கட்டில் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். மொத்தம் ஒன்பது இன்ஜினியர்கள். எட்டுப் பேர் எனக்குத் தலைவலி. ஒன்பதாமவர்தான் இவர்.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அது எனக்குத் தெரியும். அதனாலேயே எழுதவில்லை.

எட்டுப் பேரில் ஒருவருக்கு மேல் பர்த் என்றால் முட்டி வலிக்கும். இன்னொருவருக்கு லாட்ஜ் தலையணையில் வாடை அடிக்கும். "மேடம், வெந்நி வரல" என்று பீதரிலிருந்து எனக்குப் போன் வரும். நான் என்னவோ தொம்மலூரில் உட்கார்ந்தபடி கையை நீட்டிக் குழாயைத் திறந்துவிடப் போகிறவள் மாதிரி. எனக்கும் வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், நானே வந்து தண்ணி காய வெக்கட்டா?" என்று கேட்டுவிடுவேன். இவரிடம் மட்டும் அந்தப் பேச்சுக்கே வழியில்லை. பஸ் மூன்று மணி நேரம் லேட் என்றாலும், ஏசி ரூமுக்குப் பணம் கட்டி ஃபேன் ரூம் கிடைத்தாலும் ஒரே பதில்தான். "பரவாயில்லம்மா."

என்னை அவர் டிக்கெட்டம்மா என்று கூப்பிடுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் ஒரு வாரம் அப்படிக் கூப்பிடாவிட்டால் எரிச்சலாக இருந்தது.

வீடு ஆனேக்கல்லில். அங்கிருந்து ஆபீஸ் வந்து சேரவே இரண்டு பஸ், இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகுதான் ராய்ச்சூரோ, பல்லாரியோ, சிவமொக்காவோ. மாதத்தில் இருபது நாள் வெளியில். இப்படி அலைகிற மனிதர் கசங்கிப்போய்த்தானே இருக்க வேண்டும்? இவர் சட்டையில் ஒரு மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. போன இடத்தில் குளிக்கும்போதே சட்டையையும் அலசி ஃபேனுக்குக் கீழே போட்டுவிடுவார். மொத்தம் மூன்று சட்டை, ஒரு பை. பையில் எது எந்த அறையில் இருக்கும் என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். ஒருமுறை என் மேசைமேல் பையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினார். ஸ்க்ரூ டிரைவர், மாத்திரை, ஊசி நூல், சீப்பு. நான் வேண்டுமென்றே "பிளாஸ்டர்" என்றேன். அதுவும் வந்தது.

எந்த லாட்ஜுக்குப் போனாலும் முதல் வேலை ரூமை மாற்றி வைப்பது. கட்டிலுக்கு இடப்பக்கம் செருப்பு. வலப்பக்கம் தண்ணீர் பாட்டில். தலைமாட்டில் கண்ணாடி, கதவுக்குப் பின்னால் துண்டு. எந்த ஊரிலும் இதே இடம்தான், மாறாது. "உடம்புக்கு எடம் தெரியணும்மா. காலைல எந்திரிச்சா எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியாமப் போவும். செருப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், மனசு கலங்காது" என்பார். புது ஊருக்குப் போனால் ஒரு டீக்கடை பிடித்துவிடுவார். அடுத்த தடவையும் அதே கடைதான். டீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, கடைக்காரன் முகம் பார்த்துத் தலையாட்டினால் போதும் அவருக்கு.

சலிப்போடு வேலை பார்த்த மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. ராய்ச்சூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மெஷின் நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. திரும்பி வரும் டிக்கெட் விஷயமாக நடுப்பகலில் கூப்பிட்டேன். பின்னால் ஒரே பெண்கள் குரல், குழந்தை அழுகை. "இருபத்தி மூணு பேரும்மா, எல்லாம் மாசமா இருக்கறவங்க. ரெண்டு நாளா ரத்த டெஸ்ட்டுக்கு வந்து வந்து திரும்பிப் போயிருக்காங்க. இப்பத்தான் மெஷின் ஓடுது, சத்தம் கேக்குதா?" என்றார். போனை மெஷின் பக்கம் பிடித்தார். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு கரகரப்பு. "டிக்கெட்ட நாளைக்கிப் போட்டுக்கோம்மா. கடைசி ஆளுக்கு ரிசல்ட் வர வரைக்கும் இருந்துட்டு வரேன்." இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவருடைய குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வீடு இருக்கிற ஜோகுபாளையத்துக்கும் ஆபீஸ் இருக்கிற தொம்மலூருக்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்த எனக்கு அன்று அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுப் பிரயோஜனமில்லை.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் போனவர் ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும். அவரவர் பாஸ்வேர்டு போட்டு, அவரவர்தான் நிரப்ப வேண்டும். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டு மூன்று கட்டம் இருக்கும். மிகவும் திருப்தி, திருப்தி, திருப்தி இல்லை. இவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஆகாது. மெஷினின் வயிற்றைப் பிரித்துப் போட்டுத் திரும்பச் சேர்க்கிறவருக்கு மவுஸ் பிடிக்க வராது. பாஸ்வேர்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அது அவர் மனைவியின் பெயர்.

பயணம் முடிந்ததும் போன் செய்வேன். "எப்பிடி சார் இருந்துது டிரிப்பு?"

"பரவாயில்லம்மா, போட்டுக்கோ."

நான் 'திருப்தி' என்று போட்டுக்கொள்வேன்.

பரவாயில்லை என்றால் திருப்தியா? தமிழில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்னவெல்லாம் சொல்கிறோம். சமையல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. காலை மிதித்துவிட்டு ஒருவன் மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை. பிழைக்க மாட்டார் என்று கைவிட்ட ஆள் கண் திறந்தாலும், இப்போது பரவாயில்லை. இதில் எந்தப் பரவாயில்லை அவருடையது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணம் வெட்கக்கேடானது. 'திருப்தி இல்லை' என்ற கட்டத்தை அமுக்கினால் அடுத்த பக்கம் திறக்கும். அதில் பன்னிரண்டு கேள்வி. எதில் திருப்தி இல்லை, ஏன், எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள் என்று. அதையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுவது? திருப்தி என்று போட்டால் ஒரே அமுக்கு, வேலை முடிந்தது.

அதோடு விட்டேனா? மோசமான சீட்டு வந்தால் முதலில் அவர் தலையில்தான் கட்டுவேன். பாத்ரூம் பக்கத்து பர்த், கடைசி வரிசைச் சீட்டு, லிஃப்ட் இல்லாத லாட்ஜில் மூன்றாவது மாடி. மற்ற எட்டுப் பேருக்குப் போட்டால் சண்டை வரும். இவருக்குப் போட்டால் பரவாயில்லம்மா வரும். நல்லவர் என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் இதைச் செய்தேன்.

வருடா வருடம் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அவரைப் பேச வைப்பார்கள். அலுப்பில்லாமல் பயணம் செய்வது எப்படி, உற்சாகம் குறையாமல் வேலை செய்வது எப்படி என்று. எங்கள் மேனேஜருக்கு அதில் பெரிய பெருமை. செருப்பு, தண்ணீர் பாட்டில், டீக்கடை எல்லாம் சொல்லுவார். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "சார், வீட்டு ஞாபகம் வந்தா?" என்று கேட்டாள்.

"வீட்லயும் அதே மாதிரிதான்மா வெச்சிருக்கேன். செருப்பு எடது பக்கம், தண்ணி வலது பக்கம்" என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு மறுவாரம் என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் நின்றபடியே பேசுகிறவர். "ஒரு லெட்டர் டைப் பண்ணிக் குடுக்கறியாம்மா" என்றார். எங்கள் ஆபீஸ் கீழ்த்தளத்தில் சர்வீஸ் பெஞ்ச் என்று ஒன்று உண்டு. மெஷினின் பாகங்கள் அங்கே வரும். உட்கார்ந்த இடத்தில் பழுது பார்க்கலாம், பயணமே கிடையாது. அதில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அதைக் கேட்டு லெட்டர்.

"ஏன் சார், திடீர்னு?"

"வீட்ல அவங்களுக்குக் கண்ணு அழுத்தம்மா. ரெண்டு ஆபரேஷன் ஆயிடுச்சி. ஓரமெல்லாம் போயிடுச்சி, இப்ப நடுவுல மட்டும் தெரியுது, பைப்பு வழியா பாக்கற மாதிரி. அதுவும் ரெண்டு மூணு வருஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு." விரலால் மேசைமேல் ஒரு சின்ன வட்டம் போட்டார். "இன்னும் நடுவுல தெரியுது இல்லம்மா. அந்த நடுவுல நான் இருக்கணும்."

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமே என்று கேட்டேன். "விட்டா இன்சூரன்ஸ் போயிடும்மா. மூணாவது ஆபரேஷன் ஒண்ணு இருக்குன்றாங்க" என்றார். மனைவிக்காக வீட்டில் இருக்க வேண்டும், மனைவிக்காகவே வெளியூர் போக வேண்டும். செருப்பு எந்தப் பக்கம் என்பது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாட்ஜில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்ப்பாராம். நாளைக்கு அவள் எப்படி நடக்கப் போகிறாள் என்று தெரிந்துகொள்ள.

லெட்டரை என் சொந்த விஷயம் போலப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பத்து நாள் கழித்து மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார், பயணக் கணக்கு ஏதோ கேட்க. மேசைமேல் அந்த லெட்டரும் ஒரு நீண்ட பட்டியலும் இருந்தன. அவரே பாதி கன்னடம் கலந்து பேச்சை எடுத்தார்.

"நோடம்மா, நூத்துக்கணக்குல டிரிப்பு, எல்லாத்துக்கும் திருப்தின்னு இவரே போட்டிருக்காரு. ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. இவருக்கு எதுக்கு பெஞ்ச்? இன்னொருத்தரு பாரு, டிரிப்புக்கு டிரிப்பு திருப்தி இல்ல. பாவம், முட்டி வலி. பெஞ்ச் அவருக்குத்தான் நியாயம்."

"இவரு வீட்ல கஷ்டம் சார்" என்றேன்.

"வீட்ல கஷ்டம் யாருக்கம்மா இல்ல? டிரிப்புல கஷ்டம் இல்லையே. ரெகார்டு சொல்லுதே."

அந்த ரெகார்டு நான். வாயைத் திறந்து, அதெல்லாம் நான் போட்டது சார் என்று ஒரு வரி சொன்னால் போதும். இன்னொருவர் பாஸ்வேர்டில் ஃபார்ம் நிரப்பினால் வேலை போகும் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். என் வீட்டில் அப்போது என் சம்பளம் மட்டும்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஊரெல்லாம் கிழிக்கிற வாய், அன்றைக்கு அதற்குப் பூட்டு.

வெளியே அவர் பையோடு நின்றிருந்தார். கலபுரகிக்கு அன்று டிக்கெட்.

"இல்லன்னுட்டாங்க சார்."

"பரவாயில்லம்மா."

அன்றுதான் அந்தச் சொல்லை முதன்முதலாகக் காதில் வாங்கினேன். அதில் திருப்தி ஒரு பொட்டு இல்லை. ஒருவேளை எப்போதுமே இருந்ததில்லையோ. டிக்கெட்டை நீட்டினேன். பார்த்துவிட்டு, "இன்னிக்கி என்ன, கீழ் பர்த்து கெடச்சிருக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அவருடைய ஒவ்வொரு பயணத்துக்கும் 'திருப்தி இல்லை' என்று போட்டேன். பன்னிரண்டு கேள்விக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன். படுக்கை சரியில்லை, தூக்கமில்லை, வயதுக்கு ஏற்ற பயணமில்லை. என்ன நடந்தது தெரியுமா? இரண்டு மாதம் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து அவருக்கு ஒரு பார்சல் வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்கிற தலையணை. கூடவே, உங்கள் சௌகரியமே எங்கள் அக்கறை என்று ஒரு கடிதம். போகிற ஊர்களிலெல்லாம் லாட்ஜை மாற்றிப் பெரிய ஹோட்டலில் போட்டார்கள், ஊருக்கு வெளியே. அவருடைய டீக்கடைகள் எல்லாம் போயின. கட்டிலோடு சேர்த்து எல்லாம் ஆணி அடித்த ரூம், எதையும் நகர்த்த முடியாதாம். ஒருநாள் தயங்கித் தயங்கி, "பழைய லாட்ஜே பரவாயில்லம்மா" என்றார். பழையபடி திருப்தி என்றே போட ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய?

மூன்றரை வருடம் இப்படியே போனது. முட்டிவலிக்காரர் வேலையை விட்டுப் போனதும் பெஞ்ச் மறுபடி காலியானது. ஒரு சனிக்கிழமை மாலை ஆர்டர் வந்தது, இவர் பெயருக்கு. ரிட்டயர் ஆக இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. திங்கள்கிழமை வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சந்தாபுரத்தில் பஸ் மாறி ஆனேக்கல் போனேன். கையில் ஆர்டர், மனதில் அன்று மேனேஜரிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி.

கதவைத் திறந்தது அவர் மனைவி. அவர் ஊரிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். "டிக்கெட்டம்மாவா? வாங்க வாங்க. உங்க புண்ணியத்துல சொகமா போயிட்டு வராருன்னு சொல்லுவாரு" என்றார் அந்த அக்கா. வீடு அப்படியே அவருடைய லாட்ஜ் ரூம். கதவுக்குப் பின்னால் துண்டு, கட்டிலுக்கு வலப்பக்கம் தண்ணீர். எதிலும் இடிக்காமல் நடந்து போய்க் காபி கொண்டு வந்தார். பார்வை எனக்குக் கொஞ்சம் இடதுபுறமாகப் போனது.

உட்கார்ந்ததும் குரலைத் தணித்துக் கேட்டார். "ஏம்மா, அவரு மொகம் இப்ப எப்பிடி இருக்கு? நான் கடைசியா சரியா பாத்தப்ப மீச கறுப்பா இருந்துது. கேட்டா சிரிக்கறாரு, சொல்ல மாட்டேன்றாரு."

"கறுப்புதான்க்கா. அங்கங்க நரச்சிருக்கு" என்றேன். மீசை முழுக்க வெள்ளை.

அவர் குளித்துவிட்டு வந்து ஆர்டரைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "நாளைலேந்து தெனம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்" என்று மனைவியிடம் சொன்னார். "அப்பிடியா, ஆறு மணி பஸ்ல கூட்டமா இருக்கும், பாத்து வாங்க" என்றார் அந்த அக்கா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பாதி வழியில் சொல்லிவிட்டேன். "சார், அந்த ஃபார்முல திருப்தி திருப்தின்னு போட்டதெல்லாம் நான்தான். அத வெச்சித்தான் அன்னிக்கி உங்களுக்கு இல்லன்னாங்க."

நின்றுவிட்டார். "எத்தன டிரிப்புக்கும்மா?"

"எல்லாத்துக்கும் சார்."

"எல்லாத்துக்குமா."

"ஆமா சார். நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்க, நான்…"

பிறகு நடந்தோம். அவர் வாயிலிருந்து வரப் போகிற அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே நடந்தேன். பஸ் வந்தது. "ஜன்னல் பக்கமா உக்காரும்மா, காத்து வரும்" என்றார். பஸ் கிளம்பியது.

அதற்குப் பின் ஒன்பது மாதமும் தினம் பார்த்தோம். அதே மடிப்புக் கலையாத சட்டை, அதே டிக்கெட்டம்மா. என் டப்பாவிலிருந்து ஊறுகாய்கூட எடுத்துக்கொள்வார். அந்தச் சொல்லை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. கோபமா, மறந்துவிட்டாரா என்று எத்தனையோ தடவை அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசி நாள் ஒரு ஃபார்ம் உண்டு, வேலையை விட்டுப் போகிறவர் எல்லோரும் நிரப்புவது. அதே மூன்று கட்டம்தான், மொத்த வேலைக்கும் சேர்த்து. வழக்கம்போல அவருடைய பாஸ்வேர்டை அடித்தேன். "எந்திரிம்மா, இத நானே போடறேன்" என்றார். என் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். திருப்தி என்றால் ஒரே அமுக்கு, அரை நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டும். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரைக்கும்.

எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "வரேன்மா" என்றார். போய்விட்டார்.

அவர் மனைவியின் பெயர் எனக்கு மறக்கவில்லை. அடித்தால் அந்த ஃபார்ம் திறக்கும். இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறேன், அதே நாற்காலி. திறந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.